வெள்ளைப் பட்டை

பலாப்பழத்தை அறுக்காமலே சுளை இனிக்குமா, சப்பென்று இருக்குமா என்று சொல்லும் ஆட்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. பட்டாளத்து மாமா அந்த ரகம் இல்லை. பழத்தை அறுத்து, சுளையைப் பிய்த்து, வாயில் போட்டு, இது வெறும் வைக்கோல் என்று நாங்கள் எல்லோரும் துப்பிய பிறகும், "இனிப்புப் பழந்தானுங்க, நான் தட்டிப் பாத்துப்போட்டேன்" என்று அடுத்த சுளையை எடுத்து நிதானமாகத் தின்னக்கூடியவர். நாக்கு பொய் சொல்லும், தட்டின சத்தம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். எல்லை தாண்டிக் கேரளத்தில், நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்த அன்றைக்கு, சமையலறை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டைத்தான் எனக்குக் காட்டினார்கள். வாசல் தூணில் மஞ்சள் பட்டை. மாட்டுக் கொட்டகைக் கதவில் சிவப்புப் பட்டை. தண்ணீர்த் தொட்டியில் நீலப் பட்டை. "அதுதான் பட்டாளத்து மாமன் ஊடு" என்றார் என் கணவர், அந்தப் பக்கம் புலி இருக்கிறது என்று எச்சரிக்கிற குரலில். மாமாவுக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காக்கி டவுசர், பூட்ஸ், மேலே வெறும் துண்டு, அவ்வளவுதான் அவர்.

பட்டாளம் என்றதும் எல்லையில் துப்பாக்கி பிடித்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் வேலை பார்த்தது வடக்கே எங்கோ ஒரு வெடிமருந்துக் கிடங்கில். உலக யுத்தத்துக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்து குவித்துவிட்டு, போகிற அவசரத்தில் எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமலே விட்டுப்போன குண்டுகள் அங்கே மலைமலையாகக் கிடந்தனவாம். சிலதில் வெடிமருந்து, சிலதில் விஷவாயு, சிலதில் ஒன்றுமே இல்லை. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி துருப்பிடித்த இரும்பு. திறந்து பார்த்தால், பார்த்தவன் வெளியே வந்து சொல்ல மாட்டான். ஆகவே திறக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். "தெறந்து பாத்துச் சொல்றதுக்கு எதுக்குங்க பட்டாளம்? அத எந்த மடையனும் சொல்லுவான்" என்பார்.

களத்தில் நெல் காயப்போடும்போதெல்லாம் எனக்கு இந்த வித்தையில் பாடம் நடக்கும். மரச் சுத்தியால் தட்டினால் காலிக் குண்டு டங்கென்று மணி மாதிரி கேட்கும். நிறைந்த குண்டு தொப்பென்று அடங்கிவிடும். பலகையில் உருட்டிவிட்டால் கெட்டி மருந்து அடைத்தது பேசாமல் நின்றுவிடும்; உள்ளே திரவம் இருந்தால் நிற்பதற்கு முன்னால் முன்னும் பின்னும் ஆடும். ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தால், திரவம் இருக்கிற மட்டம் வரைக்கும் ஈரம் தங்கும். அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். பொய் சொல்லக் கூடாது, இதை நான் எங்கள் பித்தளைக் குடத்தில் செய்து பார்த்தேன். கோடு கிழித்த மாதிரி தண்ணீர் மட்டம் தெரிந்தது. கடைசியாக மூக்கு. விஷவாயுவில் ஒரு வகைக்குப் பூண்டு வாசம் அடிக்கும் என்றார். இத்தனையும் பார்த்து முடித்த பிறகு குண்டின் இடுப்பில் பெயிண்டால் ஒரு பட்டை போடுவார்கள். மஞ்சள் என்றால் வெடி. பச்சை என்றால் வாயு. வெள்ளை என்றால் காலி. பட்டை விழுந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர் இந்தப் பட்டையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். அவர் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்; அந்த அத்தையின் சமையலறையில் பட்டை போடாத டப்பா கிடையாது. ஒரு தடவை சர்க்கரை தீர்ந்துபோய், கழுவிக் கவிழ்த்த டப்பாவில் அத்தை ஞாபக மறதியாக ஆப்ப சோடாவைக் கொட்டி வைத்துவிட்டாள். மாமா தானே காப்பி கலந்து எடுத்து வந்து எங்கள் மாமனாரோடு உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு மாதிரி போயிற்று. அத்தை ஓடிவந்து, "ஐயோ, அது சோடாப்புங்க, கீழ ஊத்துங்க" என்றாள். மாமா டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். பட்டையைப் பார்த்தார். "சர்க்கரைப் பட்டைதானே போட்டிருக்குது?" என்று கேட்டுவிட்டு, மீதிக் காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அன்று முழுக்க அவர் ஏப்பம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

மாட்டுக்குச் சினை பிடித்திருக்கிறதா என்று பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால் பழக்கம்தான். மாட்டின் வயிற்றில் காதை வைத்து, விரலை மடக்கி நாலு இடத்தில் தட்டி, "சினைதானுங்க. கிடாரிக் கன்னு" என்று தீர்ப்புச் சொல்லுவார். எங்கள் செவலை காளைக்கன்று போட்டது. என் மாமனார் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கன்றின் முன்னால் நிறுத்தினார். மாமா அதை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்தார். "உள்ள இருந்தவரைக்கும் கிடாரிதானுங்க. வெளிய வந்தப்பறம் ஆனதுக்கு நான் பொறுப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மனிதர்களுக்கும் பட்டை உண்டு. என் மாமனார் மஞ்சள் பட்டை, சீக்கிரம் வெடிப்பார். என் கணவர் வெள்ளைப் பட்டை. இதை மாமா சொன்னபோது நான் மறுக்கவில்லை. எனக்கு என்ன என்று கேட்டேன். "நீ பச்சைப் பட்டை, அம்மிணி. சத்தமே கேக்காது. ஆனா ஊரு காலியாயிரும்" என்றார். எனக்கு அதில் பெருமைதான்.

அவரிடம் இல்லாத ஒரே சொல் 'தெரியாது' என்பது. எதைக் கேட்டாலும் தட்டுவார், சொல்லுவார். சொன்னதை மாற்ற மாட்டார். இது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, மாரப்பன் விஷயம் வருகிற வரைக்கும்.

அந்தக் கோடையில் எங்கள் கிணறு வற்றிவிட்டது. ஆழப்படுத்துவதற்கு மாரப்பனை வரச்சொன்னோம். கிணறு வெட்டுவதில் கெட்டிக்காரன். பாறை வந்தால் உடைக்கத் தோட்டாவும் திரியும் கூடவே வைத்திருப்பான். கிணற்றுக்குள் இறங்குவதற்கு முன்னால் சுட்ட பூண்டு ஒரு கைப்பிடி தின்பது அவன் வழக்கம். உள்ளே இருக்கிற குளிர் நெஞ்சில் இறங்காதாம். அன்றைக்கும் நான்தான் அடுப்பில் சுட்டுக் கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டு மீதியை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சத்தம் கொடுத்தான். கிணற்றுச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்தபோது பின்னால் பொந்து இருந்திருக்கிறது. பொந்துக்குள் ஒரு பொட்டலம். கயிறு கட்டி இழுத்தோம்; மாரப்பனும் பின்னாலேயே ஏறி வந்து கை கொடுத்தான். முழங்கை நீளம், நல்ல பருமன், இரண்டு ஆள் தூக்குகிற கனம். மேலே சாக்குத் துணி சுற்றி, அதன்மேல் தார் பூசி, தார் இறுகிக் கருங்கல் மாதிரி இருந்தது. என் மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. "பொதையல்" என்றார் மெதுவாக. கத்தியை எடுக்கப் போனார். அதற்குள் மதிலைத் தாண்டி ஒரு குரல்: "ஆரும் தெறக்காதீங்க!"

பட்டாளத்து மாமா வந்தார். மரச் சுத்தியும் கையுமாக வந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்தக் கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் பலாப்பழத்தையும் மாட்டையும் தட்டிக்கொண்டிருந்த மனிதருக்குக் கடைசியில் தட்டுவதற்கு ஒரு நிஜமான பொருள் கிடைத்துவிட்டது. களத்து ஓரமாக அதைப் படுக்கவைக்கச் சொன்னார். தட்டினார். தொப். மறு முனையில் தட்டினார். தொப். பிறகு முழங்காலிட்டு மூக்கை வைத்தார். எழுந்தபோது முகம் மாறிவிட்டது.

"பூண்டு வாசம்" என்றார். "நெறஞ்சிருக்குது. உள்ள வாயு. எல்லாரும் அக்கட்டால போங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங் மாமா, அது மாரப்பன் மடியில இருக்கற பூண்டுங்க. காத்தால நான்தான் சுட்டுக் குடுத்தேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ சுட்டது சமையல் பூண்டு, கண்ணு. இது ராணுவப் பூண்டு."

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சிரிக்கிற விஷயம் இல்லை. நாட்டில் நெருக்கடி நிலை. எங்கள் பக்கத்தில் அதை மலையாளத்திலேயே 'அடியந்தராவஸ்தை' என்பார்கள். நாக்குச் சுளுக்கிக்கொள்ளும், ஆனால் எல்லோரும் சுத்தமாகச் சொல்லப் பழகியிருந்தோம். விஷவாயுக் குண்டு என்ற பேச்சு களத்தை விட்டு வெளியே போனதுதான் தாமதம், மத்தியானத்துக்குள் எஸ்.ஐ. ஜீப்பில் வந்துவிட்டார். களத்துக்கு அந்தப் பக்கம் இருந்த புளியமரத்தைத் தாண்டி அவர் வரவில்லை. "ஆரும் தொடண்டா! துறக்கவும் வேண்டா!" என்று அங்கிருந்தே மலையாளத்தில் கத்தினார், யாரும் தொடவோ திறக்கவோ கூடாதாம். யார் எடுத்தது என்று கேட்டார். மாரப்பன் என்றார்கள். அவன் பையைச் சோதித்தார்கள். தோட்டாவும் திரியும் இருந்தன. எஸ்.ஐ.க்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நான் விடவில்லை. நேராகப் புளியமரத்தடிக்குப் போனேன். "சார், பூண்டு நான் சுட்டுக் கொடுத்ததுங்க. குண்டும் இல்ல, வாயுவும் இல்லீங்க" என்றேன். எஸ்.ஐ. என்னைப் பார்க்காமல் என் மாமனாரைப் பார்த்து, "இவரு எந்தா பறயுன்னது?" என்றார், நான் என்ன சொல்கிறேன் என்று. என் மாமனார், "அது சமையல் விஷயமுங்க சார்" என்று சொல்லி முடித்துவிட்டார். மாரப்பனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் மடியில் மீதிப் பூண்டு அப்படியே இருந்தது.

அடுத்து ஊருக்கு ஒரு புதுச் சொல் வந்து சேர்ந்தது: விதக்தன். நிபுணர் என்பதற்கு மலையாளத்தில் அப்படிச் சொல்லுவார்கள். விதக்தன் வந்து பார்த்து, உள்ளே என்ன என்று சொன்னால்தான் மாரப்பனை விடுவதா, ஜெயிலுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய முடியும் என்றார் எஸ்.ஐ. மேலிடத்துக்கு எழுதினார். உள்ளே இருப்பது வெடியா வாயுவா என்று தெரிந்தால்தான் எந்த விதக்தனை அனுப்புவது என்று தெரியும் என்று அங்கிருந்து பதில் வந்ததாம். விதக்தன் வந்தால்தானே அது தெரியும் என்று இவர் திரும்ப எழுதினார். அப்படியானால் அது தெரிகிற வரைக்கும் ஆளைப் பிடித்து வையுங்கள் என்று வந்தது. இப்படியே போயிற்று. களத்தின் ஒரு மூலையில் அந்தப் பொட்டலம். மறு மூலையில் புளியமரத்தடியில் ஒரு போலீஸ்காரர், முதுகை மரத்துக்குக் கொடுத்துக்கொண்டு. அவர் அதைக் காவல் காத்தாரா, அதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்டாரா என்று யாருக்கும் தெரியாது.

மாரப்பனின் மனைவி பொன்னா தினமும் காலையில் மாமா வீட்டு வாசலில் வந்து நிற்பாள். அழமாட்டாள், சத்தம் போடமாட்டாள். மஞ்சள் பட்டை போட்ட தூணுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஸ்டேஷனில் அவனை அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். குண்டு எங்கே வாங்கினாய், யார் கொடுத்தார்கள் என்று கேட்டு அடிக்கிறார்களாம். அவனுக்குத் தெரிந்தது கிணறு ஒன்றுதான்.

"ஐயா, நீங்க சொன்னதுனாலதானுங்க புடிச்சாங்க. நீங்களே ஒருக்கா மாத்திச் சொல்லிப்போட்டா உட்ருவாங்களாமுங்க" என்றாள் ஒருநாள்.

"சொன்னத எப்படிப் பொன்னா மாத்தறது? தட்டிப் பாத்துச் சொன்னது" என்றார் மாமா. ஆனால் அவர் குரல் சரியாக வரவில்லை. வாசலில் நிற்கவும் இல்லை, உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அத்தையும் நானும் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அத்தை, மாமாவுக்கு மனசே இல்லீங்களா? அத்தனை வருஷம் குண்டத் தட்டிப் பாத்தவருக்கு, பூண்டு வாசம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை குழவியை நிறுத்தினாள். "அவரு எங்க கண்ணு தட்டிப் பாத்தாரு? தட்டறதுக்கு வேற ஆளுங்க இருந்தாங்க. அவுங்க சொல்ற கலர்ல பட்டை போடற வேலைதான் இவருக்கு. டப்பாவும் பிரஷ்ஷும்" என்றாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒருக்கா பட்டை மாறிப்போச்சாமா. பச்ச போட வேண்டியதுல வெள்ள போட்டுப்போட்டாரு. காலின்னு நெனச்சு இவரு கூட்டாளி ஒருத்தன் தூக்கியிருக்கறான். உள்ள இருந்தது ஒழுகி ரெண்டு கையும் வெந்து, தோலு கையுறையாட்டம் கழண்டு வந்துருச்சாமா. அதுக்கப்பறம் இவரு ராத்திரியில தூங்குனதில்ல. பட்டைன்னா பட்டைதான், அது பொய் ஆகவே கூடாதுன்னு அப்படியொரு வெறி புடிச்சுப்போச்சு. அந்தச் சோடாக் காப்பியக் குடிச்சாரே, எதுக்குன்னு நெனச்சே?"

 குழவியை அத்தையிடமிருந்து வாங்கி மீதி மாவை நானே ஆட்டி முடித்தேன்.

அதற்குப் பிறகு மாமா களத்துக்குப் போய் அந்தப் பொட்டலத்தோடு தனியாக மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன். போலீஸ்காரர் தடுக்கவில்லை, தடுப்பதென்றால் பக்கத்தில் வர வேண்டும். மாமா தட்டினார். உருட்டினார். ஈரத் துணி போட்டுத் துடைத்தார், தாரின் மேல் ஈரம் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டு ஓடியது. மூக்கை வைத்து முகர்ந்தார். பூண்டு வாசம் போயிருக்கும். பூண்டுதான் ஸ்டேஷனுக்குப் போய்விட்டதே. எழுந்து நின்று தலையைச் சொறிந்துகொண்டார். ஒரு கிழவன் பூட்டின வீட்டு முன்னால் சாவியைத் தேடுகிற மாதிரி இருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் அன்றைக்குப் பாதியாகிவிட்டது.

மறுநாள் காலையில் பொன்னா வாசலுக்கு வந்தபோது மாமா அங்கே இல்லை. களத்தில் இருந்தார். தேய்த்த காக்கி டவுசர், காக்கிச் சட்டை, மெருகு போட்ட பூட்ஸ், நெஞ்சில் ஒரு மெடல். கையில் பெயிண்ட் டப்பா. ஊரே மதிலோரம் கூடிவிட்டது. அவர் முழங்காலிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தக் கருப்புப் பொட்டலத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை இழுத்தார். தாரில் பெயிண்ட் பழுப்பாக ஊறியது. இன்னொரு கை இழுத்தார். வெள்ளைப் பட்டை.

பிரஷ்ஷைத் துடைத்து வைத்தார். பிறகு அந்தப் பொட்டலத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எஸ்.ஐ.ய வரச்சொல்லுங்க" என்றார்.

அத்தை காப்பித் தம்ளரோடு வந்தாள். மதிலோரம் நிற்கவில்லை. நேராகக் களத்தைக் கடந்து போய்த் தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றாள்.

"நீ அக்கட்டால போ" என்றார் மாமா.

"எதுக்கு? காலின்னு பட்டை போட்டிருக்கறீங்களே" என்றாள் அத்தை.

 அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கேயே நின்றாள். காப்பியில் ஆடை படிந்தது. அவர் குடிக்கவில்லை.

எஸ்.ஐ. வந்தார். புளியமரத்தடியிலேயே நின்றார். "காலியாணோ?" என்று கத்தினார்.

"காலிங்க சார்!"

"உறப்பாணோ?" நிச்சயமா என்று கேட்டார்.

"உறப்புங்க சார்!" என்ற மாமா, பூட்ஸ் குதிகாலால் பொட்டலத்தை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

தொப். தொப்.

எல்லோரும் கேட்டார்கள். எஸ்.ஐ. தலையை ஆட்டினார். ஆனால் அந்தக் கூட்டத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டே பாடம் படித்தவள் நான் ஒருத்திதான். காலி என்றால் டங்கென்று கேட்க வேண்டும்.  வாயைத் திறந்தால் மாரப்பன் வெளியே வரமாட்டான். நான் மதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எஸ்.ஐ.க்கு வேண்டியிருந்தது ஒரு பட்டைதான். அவருக்கும் அந்த விதக்தன் விவகாரம் தலைவலியாக இருந்திருக்க வேண்டும். ராணுவத்தில் வெடிமருந்துப் பரிசோதனையில் அனுபவம் உள்ளவர், பொருள் காலி என்று உறுதி செய்து அதன்மேல் அமர்ந்து காட்டினார் என்று எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் மாரப்பன் வந்துவிட்டான். கால் தாங்கித் தாங்கி நடந்தான். பொன்னா அவனைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போனாள். மாமா வீட்டைப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டாள். அந்தக் கும்பிடு எதற்கு என்று கேட்டால் அவளாலும் சொல்லியிருக்க முடியாது. பிடித்துக் கொடுத்ததும் அவர்தான், விடுவித்ததும் அவர்தான்.

மாமா அந்தப் பொட்டலத்தை விட்டு எழுந்தபோது ஊர் முழுக்கச் சிரித்தது. பெயிண்ட் காயவில்லை. டவுசரின் பின்பக்கம் குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை விழுந்திருந்தது. "மாமன் காலி!" என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல், மெடல் ஆட ஆட வீட்டுக்கு நடந்தார்.

காலிப் பொட்டலத்தை யாரும் எடுத்துப் போகவில்லை. கேட்பாரில்லாமல் களத்தோரமே கிடந்தது. ஆனால் மாமா அதை விடவில்லை. கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதன்மேல் யாராவது உட்காரப் போனால் தடியை எடுத்துக்கொண்டு விரட்டுவார். பீடி பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால் கெட்ட வார்த்தையில் திட்டுவார். மழைக்காலம் வந்ததும் பொட்டலத்துக்கும் கட்டிலுக்கும் சேர்த்து ஒரு ஓலைக் கூரை போட்டார். "நீங்கதானே காலின்னு சொன்னீங்க? காலி டப்பாவுக்கு எதுக்குங்க காவலு?" என்று கேட்காதவர்கள் இல்லை. "அது சர்க்கார் சொத்து" என்பார். பெருமை தலைக்கேறிவிட்டது என்றார் என் மாமனார். என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திருவிழாக் காலம் வந்தது. எங்கள் கோயிலுக்கு இரண்டு தேசம் உண்டு. தேசம் என்றால் ஊர்ப் பிரிவு. இரண்டு தேசத்தாரும் போட்டி போட்டுக் கதினா வெடிப்பார்கள். கதினா என்பது கெட்டி இரும்புக் குழாய்; அதில் மருந்தை இடித்து நிரப்பி, மேலே செங்கல் பொடி போட்டு அடைத்து, நெருப்பு வைப்பார்கள். இரண்டு தேசத்தாருக்கும் மருந்து காயவைக்க நல்ல வெயில் விழுகிற இடம் எங்கள் களம்தான். எதிர்த் தேசத்து வெடிக்காரர் மருந்தோடு வந்தவர், ஓலைக் கூரைக்கடியில் கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஊற்றி ஊற்றி, தாரையும் சாக்கையும் மரக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தார். உள்ளே ஒரு பெரிய கதினா. அதன் பக்கவாட்டில் கோயில் முத்திரை.

"எங்க அப்பன் காலத்துல திருவிழா அன்னைக்குக் காணாமப்போனதுங்க இது" என்றார் வெடிக்காரர். "நாங்க ஜெயிச்சிரக் கூடாதுன்னு இந்தத் தேசத்துக்காரன் எவனோ மருந்து அடச்சதோட தூக்கிட்டுப் போயிட்டான். மருந்து கெடாம தாரெல்லாம் பூசி வெச்சிருக்கறான் பாருங்க. அடுத்த வருசம் அவனே வெடிச்சுக்கலாம்னு நெனச்சான் போல."

கூடியிருந்த எங்கள் தேசத்துப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். என் மாமனார் எல்லோரையும் விட அதிக நேரம் பார்த்தார்.

வெடிக்காரர் மேலாகத் தண்ணீர் தெளித்துச் செங்கல் பொடியைக் கிளறி எடுத்தார். அடியில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "மருந்து காஞ்சு பொடியாட்டம் இருக்குதுங்க. ஒரு பொறி பட்டிருந்தாப் போதும்" என்றார்.

 எல்லோர் கண்ணும் மாமாமேல் போயிற்று. அவர் ஒரு நிமிஷம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் மொத நாளே சொன்னனில்லீங்க, நெறஞ்சிருக்குதுன்னு?" என்றார்.

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வாயுவைப் பற்றி யாரும் பேசவில்லை, வெள்ளைப் பட்டையைப் பற்றியும் பேசவில்லை. எங்கள் ஊரில் மரியாதை தெரிந்தவர்கள் அதிகம். அதோடு, கிணற்றுப் பொந்தைப் பற்றி அடுத்த கேள்வி வந்துவிடுமோ என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது.

சாயங்காலம் நான் மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காக்கி டவுசரும் இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத வெள்ளைப் பட்டை பின்பக்கத்தில் அப்படியே இருந்தது. மாமா கயிற்றுக்கட்டிலைக் களத்திலிருந்து தூக்கிவந்து, மாதக்கணக்கில் தளர்ந்துபோன கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.  கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங் மாமா, அன்னைக்கு அது காலின்னு தெரிஞ்சா மேல உக்காந்தீங்க?"

அவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அத்தையின் கையில் இருந்த டவுசரைப் பார்த்தார்.

"தெரியாததுனாலதான் உக்காந்தேன், அம்மிணி. தெரிஞ்சிருந்தா பட்டையப் போட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்திருப்பனே."